சான் டியேகோவின் மார்மன் பட்டாலியன் அருங்காட்சியகம்: முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில், ஓல்ட் டவுன் எனப்படும் பழைய குடியிருப்புப் பகுதியில், ஹுவான் தெருவும் ஹார்னி தெருவும் கூடும் முனையில் மார்மன் பட்டாலியன் வரலாற்றுத் தலம் அமைந்திருக்கிறது. 1846-ஆம் ஆண்டு கோடையில் அயோவா எல்லையிலிருந்து புறப்பட்டு, 1847 ஜனவரி இறுதியில் பசிபிக் கரையை அடைந்த ஒரு தன்னார்வக் காலாட்படைப் பிரிவின் நடைப்பயணத்தை இந்த அருங்காட்சியகம் சொல்கிறது. ஏறத்தாழ 2000 மைல், அதாவது சுமார் 3200 கிலோமீட்டர் நீளும் அந்தப் பயணம் அமெரிக்க ராணுவ வரலாற்றின் மிக நீண்ட காலாட்படை நடைகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. கண்ணாடிப் பேழைக்குள் பொருள்களை அடுக்கி வைத்துப் பார்வையாளரை எட்ட நிறுத்தும் வகையும் இதுவன்று. வருபவரையே படையில் சேரும் ஆளாகப் பாவித்து அறை அறையாக அழைத்துச் செல்லும் வகை.

இந்த இடம் தன் வீரர்களின் கதையை மிக நன்றாகச் சொல்கிறது என்பது என் மதிப்பீடு. ஆனால் அவ்வீரர்கள் எந்தப் போரின் பகுதியாக நடந்தார்கள், யாருடைய நிலத்தின் வழியே நடந்தார்கள் என்பவற்றுக்கு ஒரு மணி நேரச் சுற்றில் கிடைக்கும் இடம் குறைவு. ஆகவே உள்ளே நுழைவதற்கு முன் சிறிது வரலாற்றை அறிந்துகொள்வதும், வெளியே வந்த பின் அருகிலுள்ள இரண்டு மூன்று இடங்களை நடந்து பார்ப்பதும் சேர்ந்தால்தான் இந்த வருகை முழுமை பெறும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதற்படி: புறப்படுமுன் அறிய வேண்டிய வரலாறு

சுற்று விரைவாக நகரும். பெயர்களும் ஊர்களும் அடுத்தடுத்து வந்து விழும். முதல் நாள் இரவே கதையின் எலும்புக்கூட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு காட்சியும் தன் இடத்தில் பொருந்தும்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள், அதாவது பொதுவழக்கில் மார்மன்கள் எனப்படுவோர், 1838-இல் மிசௌரி மாநிலத்திலிருந்து துரத்தப்பட்டு இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில் குடியேறியிருந்தனர். அங்கும் பகை தொடர்ந்தது. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1844 ஜூன் 27 அன்று சிறைக்குள் புகுந்த கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் தலைமையேற்ற பிரிகம் யங், 1846 பிப்ரவரியில் மக்களை மேற்கு நோக்கி அழைத்துச் செல்லத் தொடங்கினார். சேறும் குளிரும் நிறைந்த அயோவாப் புல்வெளிகளைக் கடந்து மிசௌரி ஆற்றங்கரையில் அவர்கள் கூடாரமிட்டிருந்தபோது, கையில் பணமும் இல்லை, அரசின் மீது நம்பிக்கையும் இல்லை.

அதே ஆண்டு மே 13 அன்று அமெரிக்கா மெக்சிகோ மீது போர் அறிவித்திருந்தது. சபையின் பிரதிநிதியாக வாஷிங்டன் சென்றிருந்த ஜெஸ்ஸி லிட்டில், மேற்கு நோக்கிய பயணத்துக்கு அரசின் உதவியைக் கேட்டார். குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் போக் அவர்களிலிருந்து ஒரு படைப்பிரிவைத் திரட்ட ஒப்புக்கொண்டார். இந்த ஆள்சேர்ப்பை, ஏற்கெனவே துன்புற்ற மக்கள் மீது அரசு சுமத்திய இன்னொரு சோதனையாகச் சொல்லும் மரபு நெடுங்காலம் இருந்தது. உண்மையில் கேட்டுப் பெற்ற உதவிதான் அது. சம்பளமும் உடைப்படியும் கைக்கு வரும், அரசுச் செலவில் 500 பேர் மேற்கே சென்று சேர்வார்கள், பூர்வகுடிகளின் நிலத்தில் குளிர்காலத்தைக் கழிக்க அனுமதி கிடைக்கும் என்ற கணக்குகள் தலைவர்களிடம் இருந்தன. முகாம்களில் இருந்த சாதாரண மக்களுக்கு இந்தப் பின்னணி தெரியாது. தங்களைத் துரத்தியபோது கைகட்டி நின்ற அரசுக்காக ஏன் துப்பாக்கி ஏந்த வேண்டும் என்று அவர்கள் தயங்கியதில் நியாயம் இருந்தது. அருங்காட்சியகத்தின் முதல் காட்சிகள் இந்தத் தயக்கத்தைச் சுற்றியே நகர்கின்றன.

ஜெனரல் ஸ்டீஃபன் கியர்னியின் ஆணையுடன் கேப்டன் ஜேம்ஸ் ஆலன் முகாம்களுக்கு வந்து ஆள் சேர்த்தார். 1846 ஜூலை 16 அன்று படை அமைந்தது. ஏ முதல் ஈ வரை ஐந்து கம்பெனிகள், ஏறக்குறைய 500 ஆண்கள். கம்பெனிக்கு நான்கு சலவைப் பெண்களை அழைத்துச் செல்ல ராணுவ விதி இடமளித்ததால் 20 பெண்கள் கூலியுடன் சேர்ந்தனர். வேறு சில மனைவியரும் பல குழந்தைகளும் உடன் சென்றனர். கன்சாஸின் லெவன்வொர்த் கோட்டையில் ஒவ்வொருவருக்கும் துப்பாக்கியும் தளவாடங்களும், ஓராண்டு உடைப்படியாக 42 டாலரும் வழங்கப்பட்டன. பெரும்பாலோர் சீருடை வாங்கவில்லை. வீட்டு உடையிலேயே நடந்துகொண்டு, பணத்தில் ஒரு பகுதியைக் குடும்பங்களுக்கும் சபைக்கும் அனுப்பினர். அருங்காட்சியகத்தில் காணும் வீரர்கள் ஏன் படைவீரர்கள் போலவே தோன்றவில்லை என்ற கேள்வி எழுந்தால் அதற்கான விடை இதுதான்.

ஆலன் ஆகஸ்டில் அந்தக் கோட்டையிலேயே நோயுற்று இறந்தார். தற்காலிகமாகப் பொறுப்பேற்ற லெப்டினன்ட் ஆண்ட்ரூ ஸ்மித் கடுமையாக நடத்தினார். மருத்துவர் ஜார்ஜ் சாண்டர்சன், காய்ச்சல்காரர்களுக்கெல்லாம் பாதரசக் கூட்டுப்பொருளான கலோமெலைக் கொடுத்தார். அக்கால மருத்துவத்தில் அது வழக்கமான மருந்துதான் என்றாலும், வீரர்களின் நாட்குறிப்புகளில் அவர் ஏறத்தாழ எமனாகவே வருகிறார். அக்டோபரில் சான்டா ஃபே நகரை அடைந்தபோது லெப்டினன்ட் கர்னல் பிலிப் செயின்ட் ஜார்ஜ் குக் தலைமையேற்றார். நோயாளிகளையும் பெரும்பாலான பெண்களையும் குழந்தைகளையும் அவர் கொலராடோவின் புவெப்லோவுக்கு அனுப்பிவிட்டார். வழியில் வேறு குழுக்களும் அங்கே திருப்பி அனுப்பப்பட்டன. எஞ்சியவர்களுக்கு இடப்பட்ட பணி, நடந்து செல்வது மட்டுமன்று. சான்டா ஃபேயிலிருந்து பசிபிக் வரை சக்கர வண்டிகள் செல்லக்கூடிய பாதை ஒன்றை அமைக்க வேண்டும். வழிகாட்டிகளாக ஆன்ட்வான் லெரூ, பாலின் வீவர் ஆகியோருடன், அமெரிக்க மேற்கை ஆராயச் சென்ற லூயிஸ்–கிளார்க் பயணத்தில், உடன் சென்ற பழங்குடிப் பெண் சகாகாவியாவின் முதுகில் கைக்குழந்தையாகச் சென்ற ஜான் பாப்டிஸ்ட் ஷார்பனோவும் வந்தார்.

இப்படை எந்தப் போர்க்களத்திலும் எதிரிப்படையுடன் மோதவில்லை. 1846 டிசம்பர் 11 அன்று, இன்றைய அரிசோனாவின் சான் பெட்ரோ ஆற்றங்கரையில், கைவிடப்பட்ட பண்ணைகளிலிருந்து காட்டில் பெருகியிருந்த காளைகள் வண்டி மாடுகள் மீதும் கோவேறு கழுதைகள் மீதும் பாய்ந்தன. வீரர்கள் சுட்டனர், சிலர் குத்துப்பட்டனர். அவர்கள் கண்ட ஒரே "போர்" அதுவே. சில நாள்களில் டூசான் ஊரை நெருங்கியபோது மெக்சிகோப் படையினர் விலகிச் சென்றிருந்ததால் மோதலின்றிக் கடந்தனர். ஹீலா ஆற்றங்கரையில் பீமா மக்கள் உணவு தந்து உபசரித்தனர். முன்னே சென்ற கியர்னி விட்டுச்சென்ற பொருள்களையும் கோவேறு கழுதைகளையும் பத்திரமாக வைத்திருந்து ஒப்படைத்தனர். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றின்போது வழிகாட்டியிடம் கேட்கத் தக்க கேள்வி இதில் ஒன்று இருக்கிறது.

கொடுமையான பகுதி 1847 ஜனவரியில் கொலராடோ ஆற்றைக் கடந்த பின் தொடங்கியது. வறண்ட மணலில் கிணறு தோண்டினார்கள். சில கிணறுகள் பொய்த்தன. காலணிகள் தேய்ந்து போனவர்கள் செத்த விலங்குகளின் பச்சைத்தோலைக் காலில் சுற்றிக்கொண்டு நடந்தனர். ஜனவரி 19 அன்று பாக்ஸ் கேன்யன் என்னும் குறுகிய பாறைப் பிளவை அடைந்தபோது, வண்டியின் அகலத்தைவிடப் பிளவு ஓரடி குறைவாக இருந்தது. வண்டிக் கூடுகளைத் தெப்பமாக்கி ஹீலா ஆற்றில் சரக்கு அனுப்ப முயன்றபோது பாதைக் கருவிகளை ஏற்கெனவே இழந்திருந்தார்கள். எனவே எஞ்சியிருந்த கோடரியையும் கடப்பாரையையும் கொண்டு பாறையைக் கொத்தினார்கள். குக்கும் கோடரி எடுத்தார். சில வண்டிகளைக் கழற்றித் தூக்கிச் சென்றார்கள், சிலவற்றை இழுத்தே கொண்டுபோனார்கள். ஜனவரி 29 அன்று சான் டியேகோ மிஷன் (ஸ்பெயின் பாதிரியார்கள் நிறுவிய சமயக் குடியிருப்பு) தேவாலயத்தை அடைந்தவர்கள் 300-க்குச் சற்று அதிகமானோர். மறுநாள் எழுதிய ஆணையில் குக், இதற்கு ஈடான ஒரு காலாட்படை நடையை வரலாற்றில் தேடினாலும் கிடைக்காது என்ற பொருள்படப் பாராட்டினார். அதுவரை சிறு தவறுக்கும் கடிந்துகொண்டிருந்த அதிகாரியின் பாராட்டு என்பதால் வீரர்கள் அதைப் பெரிதாக மதித்தனர்.

இரண்டாம் படி: நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

குடும்பமாகவோ நண்பர்களாகவோ சிலர் மட்டும் செல்வதானால் முன்பதிவு தேவைப்படுவதில்லை. வருகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு சுற்றுகள் புறப்படும். பள்ளிக் குழுவோ சங்கக் குழுவோ பேருந்தில் வருவதானால் முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். திறக்கும் நேரம் ஞாயிறு, விடுமுறை நாள்களில் மாறும் என்பதால் முந்தைய நாள் அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வார நாள் காலை நல்லது. கூட்டம் குறைவாக இருந்தால் வழிகாட்டி உங்கள் குழுவுக்கு மட்டுமே பேசுவார். கேள்வி கேட்கவும் நேரம் கிடைக்கும். சனிக்கிழமை பிற்பகலில் ஓல்ட் டவுன் முழுவதும் நெரிசலாக இருக்கும்.

சுற்றுக்கும் முற்றத்துக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இந்த வழிகாட்டியில் பின்னே சொல்லப்படும் நகர இடங்களையும் சேர்த்தால் முழு நாள் தேவை. கலிஃபோர்னியாவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே நான்காம் வகுப்பில் மாநில வரலாறு பாடமாக இருக்கிறது. மிஷன்கள், மெக்சிகோ ஆட்சிக்காலம், தங்க வேட்டை ஆகிய மூன்றும் இந்த ஒரே வட்டாரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பொருத்தமான இடம்.

மூன்றாம் படி: சென்று சேர்தல்

ஓல்ட் டவுன் போக்குவரத்து நிலையத்தில் டிராலி எனப்படும் நகர ரயிலின் பச்சை, நீல வழித்தடங்களும், வடக்கே ஓஷன்சைடு வரை செல்லும் கோஸ்டர் ரயிலும் நிற்கின்றன. விமான நிலையத்துக்கும் இந்த நிலையத்துக்கும் இடையே கட்டணமில்லாப் பேருந்தும் ஓடுகிறது. நிலையத்திலிருந்து ஓல்ட் டவுன் மாநில வரலாற்றுப் பூங்காவின் ஊடாக சான் டியேகோ அவென்யூவில் தென்கிழக்காக நடந்து, செங்கல்லால் கட்டப்பட்ட வேலி (Whaley) இல்லம் வந்ததும் இடப்பக்கம் ஹார்னி தெருவில் திரும்பி மேட்டில் ஏறினால் ஹுவான் தெரு வரும். மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். காரில் வருபவர்கள் வார இறுதியில் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய நேரிடும். அதைவிட டிராலியே நிம்மதி.

நான்காம் படி: உள்ளே நுழைதல்

நுழைவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். இந்த அருங்காட்சியகத்தை நடத்துவது மேற்சொன்ன சபையே. உங்களை வரவேற்று அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் பெரும்பாலும் சபையின் முழுநேர ஊழியத்தில் இருக்கும் இளம் பெண்கள். மார்பில் அணிந்திருக்கும் பெயர்ப்பட்டையில் சிஸ்டர் என்ற சொல்லுடன் குடும்பப் பெயர் இருக்கும், அவ்வாறே அழைக்கலாம். அவர்கள் சம்பளத்துக்குப் பணிபுரியும் வரலாற்றாய்வாளர்கள் அல்லர். பயின்ற உரையை உண்மையான ஈடுபாட்டுடன் சொல்கிறார்கள். சுற்றின் இறுதியில் தம் நம்பிக்கையைப் பற்றிச் சில சொற்கள் கூறுவது இயல்பு. மேலும் அறிய விருப்பமா என்று கேட்கவும் கூடும். விருப்பமில்லை என்றால் புன்னகையுடன் வேண்டாம் என்று சொன்னால் போதும், வற்புறுத்தல் இருக்காது. ஒரு சபையின் நினைவிடத்துக்குப் போகிறோம் என்ற தெளிவோடு சென்றால் சங்கடத்துக்கே இடமில்லை.

2010-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டதிலிருந்து இந்தச் சுற்று ஒரு நாடகம்போல் அமைந்திருக்கிறது. முதல் அறையில் சுவரில் மாட்டியிருக்கும் உருவப்படங்கள் அசைந்து, பேசி, ஒருவருக்கொருவர் வாதாடி, வழிகாட்டியின் சொற்களுக்கு மறுமொழியும் சொல்லும். தொழில்நுட்பம் இப்போது பழகிப்போன ஒன்றுதான். ஆனாலும் படத்தில் இருப்பவரும் உயிருள்ள வழிகாட்டியும் பேசிக்கொள்ளும் நேரக்கணக்கு பிசகாமல் அமைந்திருப்பதால் குழந்தைகள் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். அங்கிருந்து முகாம், படையில் சேர்தல், தளவாடம் பெறுதல், பாலைவன நடை என்று அறைக்கு அறை காட்சி மாறும். பொருள்களைத் தொடவும் தூக்கவும் வாய்ப்புக் கிடைக்கும் இடங்களில் தயங்காதீர்கள். குறிப்பாகத் துப்பாக்கியின் கனத்தையும் முதுகுச்சுமையின் கனத்தையும் ஒருமுறை உடம்பில் உணர்ந்துவிட்டால், 2000 மைல் என்ற எண் வெறும் எண்ணாக நிற்காது.

பார்வையைச் செலுத்த வேண்டிய ஓர் இடம், பெண்களைப் பற்றிய பகுதி. சூசன் டேவிஸ், லிடியா ஹன்டர், ஃபீபி பிரவுன், மெலிசா கோரே ஆகிய நால்வர் மட்டுமே சான் டியேகோ வரை வந்து சேர்ந்த பெண்கள். இவர்களில் லிடியா, கம்பெனித் தலைவர் ஜெஸ்ஸி ஹன்டரின் மனைவி; பாலைவனத்தைக் கர்ப்பிணியாகக் கடந்தவர். 1847 ஏப்ரலில் இந்த ஊரிலேயே ஒரு மகனைப் பெற்றார். குழந்தைக்கு டியேகோ என்று பெயரிட்டனர். பிறப்புக்குச் சில நாள்களிலேயே தாய் இறந்துபோனார். மெலிசா கோரே புறப்படும்போது 18 வயது மணப்பெண். படை கலைந்த பிறகும் கணவருடன் சியரா நெவாடா மலையைக் கடந்து யூட்டா சென்றார்.

கேள்வி கேட்பது பற்றி: வழிகாட்டிகள் கேள்விகளை விரும்புகிறார்கள், ஆனால் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்த முடியாது. அறை மாறும் இடைவெளியிலோ முடிவிலோ கேளுங்கள். பீமா மக்கள் செய்த உதவியைப் பற்றி வீரர்களின் நாட்குறிப்புகள் என்ன சொல்கின்றன என்று கேட்கலாம். டெமெகுலா அருகே, கலிஃபோர்னியோக்கள் எனப்பட்ட, ஸ்பானிய மொழி பேசிய உள்ளூர்க் குடிகளாலும் அவர்களுடன் சேர்ந்த கவியா மக்களாலும் கொல்லப்பட்ட தம்மவரைப் புதைத்துக்கொண்டிருந்த லூயிசேன்யோ பழங்குடியினரைப் படை எதிர்கொண்டதைப் பற்றிக் கேட்கலாம். பிரிகம் யங், நம்பிக்கையுடன் இருந்தால் நீங்கள் போரிட நேராது என்று உறுதியளித்ததாக வரும் செய்தி அநேகமாகச் சொல்லப்படும். சபையினர் அதை நிறைவேறிய வாக்காகப் போற்றுகிறார்கள். அதைக் கேட்கும்போதே, படை வந்து சேர்வதற்கு ஏழு வாரங்களுக்கு முன் 1846 டிசம்பர் 6 அன்று சான் பாஸ்குவாலில் கியர்னியின் குதிரைப்படை, ஆண்ட்ரெஸ் பீகோ தலைமையிலான கலிஃபோர்னியோ ஈட்டி வீரர்களிடம் பலத்த சேதமடைந்ததையும், சான் டியேகோவில் அமெரிக்கக் கொடி அதற்கும் முன்பே 1846 ஜூலை 29 அன்று கடற்படையினரால் ஏற்றப்பட்டிருந்ததையும் நினைத்துக்கொண்டால், வீரர்கள் எப்படிப்பட்ட கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்தார்கள் என்பது விளங்கும்.

முதியோருடன் செல்பவர்கள் நிற்க வேண்டிய நேரத்தைக் கருத்தில் கொள்ளுங்கள். மூட்டுவலி உள்ளவரோ சக்கர நாற்காலியில் வருபவரோ இருந்தால் தொடக்கத்திலேயே வழிகாட்டியிடம் சொல்லிவிடுவது நல்லது. சுற்று ஆங்கிலத்தில், இளம் அமெரிக்கப் பேச்சின் வேகத்தில் நடக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவுக்குக் காட்சி நடுவே மொழிபெயர்த்துக் கொண்டிருப்பதைவிட, முதற்படியில் உள்ள வரலாற்றை வரும் வழியில் ரயிலிலேயே சொல்லிவிட்டால் படங்களே மீதியைச் சொல்லிவிடும்.

ஐந்தாம் படி: முற்றத்தில் நேரம் செலவிடுதல்

அறைகள் முடிந்து வெளியே வந்தால் செய்து பார்க்கும் பகுதிகள் தொடங்குகின்றன. குழந்தைகளின் விளையாட்டு என்று நினைத்துப் பெரியவர்கள் பெஞ்சில் அமர்ந்துவிடுகிறார்கள். ஆனால் கதையின் பிற்பகுதி முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

1847 மார்ச்சில் பி கம்பெனி சான் டியேகோவில் காவல் படையாக நிறுத்தப்பட்டது. சண்டை இல்லை, நாள்கள் நீண்டன. வீரர்கள் கிணறுகள் வெட்டிச் செங்கல் வைத்துச் சுற்றுக்கட்டினர், வீடுகளுக்கு வெள்ளையடித்தனர், தச்சு வேலை செய்தனர், காளவாய் போட்டுச் செங்கல் சுட்டனர். அதுவரை அங்கே வீடுகள் எழுந்தது வெயிலில் உலர்த்திய மண்கல்லால். படையெடுத்து வந்தவர்கள் என்று முதலில் ஒதுங்கியிருந்த ஊரார், கூலிக்கு வேலை கொடுக்கத் தொடங்கி, நாளடைவில் நெருக்கமாயினர். பணிக்காலம் முடிந்தபோது இன்னும் சிறிது காலம் தங்குமாறு கேட்டுக்கொண்டனர். முற்றத்தில் செங்கல் செய்து பார்ப்பதும், கைப்பம்பில் நீர் இறைப்பதும் இந்த மாதங்களைக் குறிப்பவை. என்னைக் கேட்டால் பாலைவன நடையைவிட இந்தப் பகுதியே அதிக வியப்பைத் தருவது. ஆக்கிரமித்த படை ஒன்று கிணறு வெட்டியும் சுவரெழுப்பியும் ஊருடன் ஒட்டிக்கொண்ட கதை அடிக்கடி கிடைப்பதில்லை.

தங்கம் அலசும் தொட்டியின் முன் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். நடைப்பயணத்துக்கும் தங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கான விடை: 1847 ஜூலை 16 அன்று லாஸ் ஏஞ்சலஸில், சேர்ந்த தேதியிலிருந்து சரியாக ஓராண்டில், படை கலைக்கப்பட்டது. சிலர் மீண்டும் ராணுவத்தில் சேர்ந்தனர், சிலர் குடும்பங்களைத் தேடிக் கிழக்கே நடந்தனர். வேறு சிலர் வழிச்செலவுக்காக ஜான் சட்டரிடம் வேலைக்குச் சேர்ந்து, ஜேம்ஸ் மார்ஷலின் மேற்பார்வையில் மரம் அறுக்கும் ஆலை கட்டினர். 1848 ஜனவரி 24 அன்று அந்த ஆலையின் நீர்க்காலில் தங்கம் தென்பட்டபோது பட்டாலியனைச் சேர்ந்த ஆறு பேர் அங்கே வேலையில் இருந்தனர். கலிஃபோர்னியாவின் தங்க வேட்டையைத் தொடக்கிவைத்த அந்தத் தேதி நமக்குத் துல்லியமாகத் தெரிவது அவர்களில் ஒருவரான ஹென்றி பிக்லரின் நாட்குறிப்பினால். அக்கோடையிலேயே அவர்களில் பலர் தங்கத்தை விட்டுவிட்டு, சியரா மலையில் கார்சன் கணவாய் வழியாக வண்டிப்பாதை வெட்டிக்கொண்டு யூட்டாவுக்குப் போனார்கள். பிறகு அந்தப் பாதையில் எதிர்த்திசையில் ஆயிரக்கணக்கானோர் தங்கம் தேடி வந்தனர்.

அக்கால உடையணிந்து புகைப்படம் எடுத்துக்கொள்ளவும் இங்கே வசதி உண்டு, அதற்கும் கட்டணமில்லை. படத்தை மின்னஞ்சலில் பெற விரும்பினால் முகவரி தர வேண்டியிருக்கும். தர விருப்பமில்லாதவர்கள் தங்கள் கைபேசியிலேயே எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம்.

ஆறாம் படி: வெளியே வந்தபின் நடக்க வேண்டிய இடங்கள்

முதலில் கீழே இறங்கி ஓல்ட் டவுன் பூங்காவின் பிளாசாவுக்குச் செல்லுங்கள், பூங்காவுக்கும் கட்டணமில்லை. பட்டாலியன் வீரர்கள் 1847-இல் சுட்ட செங்கல்லால் எழுப்பிய கட்டடம் பின்னர் நீதிமன்றமாகப் பயன்பட்டு, 1872 தீவிபத்தில் அழிந்தது. இன்று நிற்பது 1992-இல் அதே இடத்தில் மறுகட்டுமானம் செய்யப்பட்டது. அதற்கருகில் 1827-இல் கட்டப்பட்ட எஸ்துடியோ மாளிகையைப் பார்க்கும்போது மண்கல் சுவரையும் செங்கல் சுவரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மெக்சிகோ ஆட்சிக்காலத்து உள்ளூர்க் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்பதை, அருங்காட்சியகத்தில் கிடைக்காத அளவு தெளிவாக இந்த மாளிகையின் அறைகள் காட்டுகின்றன.

பகலுணவுக்கு இதே பகுதியில் மெக்சிகோ உணவகங்கள் நிறைய உண்டு. சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய முறை, சில இடங்களில் சோற்றுக்கும் கோழிச்சாறு ஊற்றுவார்கள்.

உணவுக்குப் பின் பிரெசிடியோ குன்று. நடந்து ஏறலாம், ஏற்றம் செங்குத்தானது. முதியோருடன் இருந்தால் காரில் போவதே நல்லது. மேலே ஸ்டாக்டன் கோட்டை இருந்த இடத்தில், எட்வர்ட் ஃப்ராட்டன் வடித்து 1969-இல் நிறுவப்பட்ட பட்டாலியன் வீரரின் வெண்கலச் சிலை நிற்கிறது. சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். இந்தக் குன்றின் அடியில் கூமியாய் பழங்குடியினரின் கோசொய் என்ற ஊர் இருந்தது. 1769 ஜூலை 16 அன்று ஹுனீப்பெரோ செர்ரா கலிஃபோர்னியாவின் முதல் மிஷனை இங்கே நிறுவினார். ஆறு ஆண்டுகளில், உள்ளே தள்ளி மாற்றப்பட்ட அந்த மிஷனைக் கூமியாய் மக்கள் எரித்தனர். ஸ்பெயின், மெக்சிகோ, அமெரிக்கா என்று மூன்று கொடிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்த இக்குன்றில் நின்றால், பட்டாலியன் வந்தது எந்தத் தொடரின் எத்தனையாவது அத்தியாயம் என்பது புரியும். 1929-இல் கட்டப்பட்ட செர்ரா அருங்காட்சியகக் கட்டடமும் இங்கேயே உள்ளது.

நேரமிருந்தால் பச்சை டிராலியில் ஏறி மிஷன் சான் டியேகோ நிலையத்தில் இறங்குங்கள். ஜனவரி 29 அன்று படை வந்து நின்ற மிஷன் தேவாலயம் அங்கிருந்து நடக்கும் தூரம். இங்கே நுழைவுக் கட்டணம் உண்டு.

ஏழாம் படி: காரில் இன்னொரு நாள்

நடையின் கடுமையை நிலத்திலேயே பார்க்க விரும்புபவர்கள் அன்சா-பொரேகோ பாலைவனப் பூங்காவுக்குச் செல்ல வேண்டும். எஸ்-2 மாவட்டச் சாலையின் ஓரத்தில் பாக்ஸ் கேன்யனுக்கான வரலாற்றுக் கல்வெட்டு உள்ளது. அங்கே நிறுத்திவிட்டு மேலிருந்து எட்டிப் பார்த்தால் வீரர்கள் கொத்திய பாறைப் பிளவு தெரியும். நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே ஏற்றவை. கோடையில் அந்த வெயிலில் குழந்தைகளையும் முதியோரையும் இறக்குவது ஆபத்து. பெரும்பாலான தொலைவுக்குக் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காது என்பதால் வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, எரிபொருளை நிரப்பி, ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீராவது எடுத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் படை இளைப்பாறிய வார்னர் பண்ணையைக் கடந்து, எஸ்கோன்டீடோ அருகே சான் பாஸ்குவால் போர்க்களப் பூங்காவில் நிற்கலாம். அந்தப் பூங்கா எல்லா நாள்களிலும் திறந்திருப்பதில்லை. நாளைப் பார்த்துத் திட்டமிட வேண்டும்.

பட்டாலியன் பாதையின் பிற்பயன் அரிசோனாவின் தெற்கில் இருக்கிறது. குக் வகுத்த வண்டிப்பாதையின் ஒரு பகுதி, போருக்குப் பின்னும் மெக்சிகோவின் எல்லைக்குள்ளேயே இருந்தது. தெற்கு வழியாகப் பசிபிக்குக்கு ரயில்பாதை போட வேண்டுமானால் அந்த நிலம் தேவை என்ற எண்ணத்தில், 1853 டிசம்பரில் கையெழுத்தான காட்ஸ்டன் ஒப்பந்தத்தின் வழியே 1 கோடி டாலருக்கு அமெரிக்கா அதை வாங்கியது. டூசான் பக்கம் காரில் போகும் வாய்ப்புள்ளவர்கள் சான் பெட்ரோ ஆற்றுப்படுகையையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளலாம். லாஸ் ஏஞ்சலஸ் வழியாகத் திரும்புகிறவர்கள், நகர மையத்தில் ஹில் தெருவில் உள்ள ஃபோர்ட் மூர் நினைவுச்சுவரைப் பார்க்கலாம். பட்டாலியன் வீரர்கள் கட்டிய கோட்டையில் 1847 ஜூலை 4 அன்று கொடி ஏற்றப்பட்ட குன்று அங்கேதான் இருந்தது. நினைவுச்சுவர் சாலையோரத்திலேயே இருப்பதால் அதற்கும் கட்டணமில்லை; யூனியன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடலாம்.